அந்த ஊசியில் வைரஸே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியில் 'வீரியம் குறைத்த வைரஸைச் செலுத்துகிறார்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருக்கிறது. என் தங்கை அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, "பாத்தியா அக்கா, வைரஸையே ஏத்துறாங்களாம், எம் பொண்ணுக்கு வேண்டாம்" என்று கதையை முடித்துவிட்டாள். பள்ளியில் விலங்கியல் எடுத்த நான் எவ்வளவோ சொல்லியும் அசையாதவள், உங்கள் ஒரு வரியை அப்படியே நம்பிவிட்டாள். வாழ்த்துகள்.

உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸின் மேலுறையில் எல்1 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதை மட்டும் ஈஸ்ட்டில் தயாரித்தால், ஐந்தைந்தாகச் சேர்ந்து, 360 புரதங்கள் தாமாகவே ஒரு உருண்டையாகக் கூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் அச்சு அசல் வைரஸ், உள்ளே மரபணு கிடையாது. சோளக்கொல்லை பொம்மை மாதிரிதான், சட்டை இருக்கும், ஆள் இருக்காது. மரபணு இல்லாதது உடம்பில் எப்படிப் பெருகும், எப்படி நோய் தரும்? உடம்பு மட்டும் அதை நிஜ வைரஸ் என்று நம்பி எதிர்ப்புப் புரதங்களைத் தயார் செய்துவைத்துக்கொள்ளும். 1991இல் ஆஸ்திரேலியாவில் இயான் ஃப்ரேசரும் ஜியான் சௌவும் இந்தத் துகளை உருவாக்கினார்கள். ஊசி 2006இல்தான் அனுமதி பெற்றது, அதைப் பார்க்காமலே 1999இல் சௌ இறந்துபோனார். இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்பவர்களுக்கு, புனேயில் தயாராகும் செர்வாவேக் என்ற ஹெச்பிவி ஊசி 2023இலேயே வந்தாயிற்று. பிறந்த குழந்தைக்கு முதல் நாளே போடுகிற ஹெபடைட்டிஸ் பி ஊசியும் இதே வகைத் துகள்தான், ஈரல் புற்றுநோயைத் தடுப்பது. அதைப் போட்டுக்கொண்டபோது யாரும் பயப்படவில்லையே!

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். 2010இல் ஆந்திரா, குஜராத்தில் சில சிறுமிகள் இறந்ததும் ஹெச்பிவி ஊசித் திட்டங்களை அரசு நிறுத்தியபோது, கொட்டை எழுத்தில் போட்டீர்கள். ஒப்புதல் வாங்கியதில் குளறுபடி இருந்தது, அதைக் கேட்டது நியாயம். ஆனால் ஊசிதான் சாவுக்குக் காரணம் என்று விசாரணைக் குழு சொல்லவில்லை, அது மட்டும் உங்கள் பக்கங்களில் வரவேயில்லை. அதே தடையால் வேறொரு ஆய்வும் பாதியில் நின்று, பல பெண்பிள்ளைகள் ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த ஒன்றே தொற்றைத் தடுத்திருந்தது. 2022இல் சிறுமிகளுக்கும் இளம்பெண்களுக்கும் ஒரு ஊசியே போதும் என்ற முடிவுக்கு உலக சுகாதார நிறுவனம் வர, இந்த ஆய்வும் ஒரு காரணம். எங்கள் ஊருக்குப் பக்கத்து அம்பிளிக்கையும் ஆய்வு மையங்களில் ஒன்று. ஒரு பெட்டிச் செய்தியாவது போட்டீர்களா? ராசிபலனுக்கு இரண்டு முழுப் பக்கம் இருக்கிறது.

எங்கள் அம்மா இந்த நோயில்தான் போனார். தீட்டு நின்ற பிறகு ரத்தம் பட்டபோது 'வயசானா அப்படித்தான்' என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் நம்பினார். அந்த வீட்டில் பிறந்த என் தங்கைதான் இன்று தன் மகளுக்கு வேண்டாம் என்கிறாள். வந்துவிட்ட நோயை இந்த ஊசி குணப்படுத்தாது, ஊசி போட்டவர்களும் பிற்பாடு பரிசோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும். இதையும் உங்கள் கட்டுரை சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 'புற்றுநோய்க்கு ஊசி கண்டுபிடிப்பு' என்று போடுகிறீர்களே, ஏற்கெனவே இருக்கிற ஊசியை ஒழுங்காக எழுதக் கூடாதா?

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வேண்டும், அதுவும் அதே நலவாழ்வுப் பக்கத்தில், அதே எழுத்து அளவில். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைத் தங்கை படிக்க மாட்டாள். கடிதத்தை வெட்டித்தான் போடுவீர்கள் என்றால் என் கோபத்தை வெட்டிக்கொள்ளுங்கள், எல்1 பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
ஒட்டன்சத்திரம்