எட்டு ஆண்டுகள் நிலைத்த பலன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேவையற்ற ஸ்கேன்கள், ரத்தப் பரிசோதனைகள் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகளும் கடிதங்களும் பெரும்பாலும் மருத்துவமனைகளின் வணிக நோக்கத்தையே குறிவைக்கின்றன. அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால், மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் நோயாளியே வற்புறுத்திக் கேட்டு எடுத்துக்கொள்ளும் பரிசோதனைகளும் உண்டு என்பதை, அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் நான் அறிவேன். தமக்கு ஏதோ பெரிய நோய் இருக்கிறது, அது யார் கண்ணிலும் படாமல் தப்பிக்கொண்டிருக்கிறது என்ற அச்சம் மாதக்கணக்கில் விடாமல் துரத்தும் இந்நிலையை உடல்நலப் பதற்றம் என்கிறார்கள். இவர்களுக்குக் கவுன்சலிங் கொடுத்தால் நாலு நாள் தெம்பாக இருப்பார்கள், பிறகு பழையபடி ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள் என்ற எண்ணம் மருத்துவத் துறையினரிடமே வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தை அசைக்கும் ஓர் ஆய்வு இங்கிலாந்தில் நடந்திருப்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதம்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மனநல மருத்துவப் பேராசிரியர் பீட்டர் டைரர் தலைமையில் நடந்த அந்த ஆய்வை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சாம்ப்’ என்று அழைக்கிறார்கள். இதயம், நரம்பு, இரைப்பை-குடல், நுரையீரல், நாளமில்லாச் சுரப்பி ஆகிய பிரிவுகளுக்குச் சிகிச்சைக்காக வந்த 28,991 பேரிடம் ஒரு சிறு வினாத்தாள் மூலம் விசாரித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் கவலைக்குரிய அளவில் உடல்நலப் பதற்றம் தென்பட்டது. இவர்களுள் 444 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும் தொடர்ந்தது. மற்றவர்களுக்கு அதனுடன் ஐந்து முதல் பத்து அமர்வுகள் வரை ‘சிபிடி’ எனப்படும் பேச்சுவழிச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. முதல் முடிவுகள் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. ஐந்தாண்டு முடிவுகள் 2017-இல் வெளியாயின. அதற்குப் பின் எட்டாம் ஆண்டிலும் அதே நோயாளிகளைத் தேடிப்பிடித்து விசாரித்தார்கள். சிகிச்சை பெற்றவர்களின் பதற்றம், பெறாதவர்களுடையதைவிடக் குறைவாகவே அப்போதும் இருந்தது.

இந்த வேறுபாட்டைப் பெரிதுபடுத்திச் சொல்லக் கூடாது. ஓராண்டு முடிவில் பதற்றம் முற்றிலும் இயல்பான அளவுக்கு இறங்கியவர்கள் சிகிச்சைக் குழுவில் 13.9 சதவீதம், மற்றக் குழுவில் 7.3 சதவீதம். அதாவது, சிகிச்சை பெற்றவர்களிலும் பெரும்பாலோருக்கு அச்சம் தணிந்ததே தவிர, முழுவதுமாக அகன்றுவிடவில்லை. மருத்துவச் செலவு கணிசமாகக் குறையும் என்று எதிர்பார்த்தவர்களுக்கும் ஏமாற்றமே. முதல் இரண்டாண்டுச் செலவில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இருந்தும், ஒரு சில மாதங்களுக்குள் முடிந்துபோன ஒரு சிகிச்சையின் பலன் எட்டு ஆண்டுகள் நிலைத்தது என்பதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஏன் நிலைக்கிறது என்பதற்கு, இச்சிகிச்சையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். “உங்களுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்” என்ற ஆறுதலை இச்சிகிச்சை அளிப்பவர் சொல்வதில்லை. அந்த ஆறுதலைத்தான் நோயாளி ஒவ்வொரு ஈசிஜியிலும் எக்கோவிலும் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்ததும் மனம் அமைதியடைகிறது, சில நாட்களில் “அந்த டாக்டர் சரியாகப் பார்த்தாரா” என்ற ஐயம் முளைத்து, அடுத்த பரிசோதனையைக் கேட்கிறது. இச்சுழற்சியை 1980-களிலேயே பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் ஆகிய ஆய்வாளர்கள் விளக்கினர். ஆகவே, நோயாளியின் நம்பிக்கையை மறுத்து வாதாடுவதற்குப் பதிலாக, அவரையே சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். தொண்டையில் கட்டி இருப்பதாக அஞ்சி நாளெல்லாம் எச்சிலை விழுங்கிப் பார்ப்பவரிடம், இங்கேயே உட்கார்ந்து அடுத்தடுத்துப் பத்து முறை வேகமாக விழுங்குங்கள் என்பார்கள். நான்காவது ஐந்தாவது முறையிலேயே தொண்டை அடைக்கும். எதிரில் அமர்ந்து சேர்ந்து விழுங்கும் சிகிச்சையாளருக்கும் அப்படித்தான் அடைக்கும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று ஓயாமல் அழுத்திப் பார்ப்பவருக்கு, அழுத்துவதாலேயே அந்த இடம் வலிக்கிறது என்பதும் இதேபோலத் தெரியவரும். பிறகு வீட்டிலும் நாடி பிடித்துப் பார்ப்பதையும், இணையத்தில் அறிகுறிகளைத் தேடுவதையும், மனைவியிடமோ கணவரிடமோ திரும்பத் திரும்பக் கேட்பதையும் படிப்படியாகக் குறைத்து, அப்போது பதற்றம் கூடுகிறதா குறைகிறதா என்று குறித்துவரச் சொல்வார்கள். இப்படித் தானே கண்டுகொண்டது அடுத்த முறை நெஞ்சு படபடக்கும்போதும் கைகொடுக்கிறது. நீச்சல் கற்றவருக்கு அது மறக்காததைப் போல.

இது நோயே இல்லாதவர்களுக்கான சிகிச்சை என்றும் எண்ண வேண்டாம். ‘சாம்ப்’ ஆய்வில் இடம்பெற்றவர்களில் பலருக்கு உடலிலும் நோய் இருந்தது. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு அடுத்தது எப்போது என்ற அச்சம் மூளும்போது, அதைக் கற்பனை என்று யாரும் ஒதுக்க முடியாது. எனினும் அந்த அச்சமே அவரை மாடிப்படி ஏற விடாமல் முடக்கிப்போட்டால், அதற்கும் மருத்துவம் தேவைதான். இந்த அச்சத்தை அலட்சியப்படுத்துவதன் விளைவை ஸ்வீடனில் 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. கடும் உடல்நலப் பதற்றம் இருப்பதாக மருத்துவர்களால் உறுதிசெய்யப்பட்டவர்கள், மற்றவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே இறந்திருக்கிறார்கள். தற்கொலையால் இறக்கும் அபாயம் அவர்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்திருக்கிறது. ‘சந்தேகக் கேஸ்’ என்று ஓ.பி. அறைகளில் கேலியாகச் சொல்லி அனுப்பிவிடுபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது ‘சாம்ப்’ ஆய்வின் இன்னொரு முடிவு. சிகிச்சை அளித்தவர்களில் உளவியல் பயின்றவர்களும் இருந்தனர், பொது மருத்துவமனைச் செவிலியர்களும் இருந்தனர். இந்தச் சிகிச்சையில் முன்னனுபவம் மிகுதியாக இல்லாமல், குறுகிய காலப் பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் மட்டுமே பெற்ற செவிலியர்களின் நோயாளிகளே கூடுதல் பலன் பெற்றனர். மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னால் “எனக்கென்ன பைத்தியமா?” என்று முகம் சுளிப்பவர்கூட, தனக்கு வழக்கமாக பிரஷர் பார்க்கும் சிஸ்டரிடம் மனம்விட்டுப் பேசுவார் என்பது எங்கள் வேலையில் அன்றாடம் காண்பதுதான்.

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடுகளுக்கே செல்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் எனும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையும் கிடைக்கிறது. ஆனால், இந்த நோயாளிகள் வந்து நிற்பது இதயப் பிரிவிலும் வயிற்றுப் பிரிவிலும்தான். எனவே, ஏதேனும் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவில் விருப்பமுள்ள சில செவிலியர்களுக்கு இப்பயிற்சியை அளித்து, மனநலத் துறையின் மேற்பார்வையில் இதை முயன்று பார்க்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி பெற்றவர்களை அடுத்த மாதமே வேறு வார்டுக்கு மாற்றாமல், அமர்வுக்கென வாரத்தில் சில மணி நேரத்தை டியூட்டி பட்டியலிலேயே ஒதுக்குவதும், சிகிச்சை பெற்றவர்களை ஓராண்டோடு விட்டுவிடாமல் ஐந்தாண்டுகளாவது தொடர்ந்து விசாரிப்பதும் அந்த முயற்சியின் பகுதியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி.