டக் ஓனர் அண்ணாச்சிமாருக்கு ஒரு இஞ்சின் ஃபிட்டரோட மடல்

அண்ணாச்சிமாரே, வணக்கம். தூத்துக்குடி ஹார்பர்ல டக் (பெரிய கப்பல இழுத்துத் தள்ளுற இழுவைப் படகு) இஞ்சின பிரிச்சுப் பூட்டுற வேலையிலயே 22 வருசமா கெடக்கேன். ஓவர்ஹாலுக்கு நீங்க குடுக்குற நாள் பத்தல, அதச் சொல்லத்தான் இந்த மடல்.

ரன்னிங் ஹவர்ஸ மட்டும் பாத்துட்டு இன்னும் டைம் இருக்குல்லான்னு சொல்லுதீங்க. சரக்குக் கப்பல் இஞ்சின் ஒரே லோடுல நாள்கணக்கா ஓடும், டக்கு அப்படியா, கப்பல் வர்ற வரைக்கும் மணிக்கணக்கா ஐட்லிங்ல நிக்கும், பைலட் வாக்கி டாக்கில சொன்ன அடுத்த நிமிசம் ஃபுல் லோடுல தள்ளணும். ஐட்லிங்ல டீசல் ஒழுங்கா எரியாம கரி புடிக்கும், பிஸ்டன் ஓடுற சிலிண்டர் உள்கூடு, அதான் லைனர், கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிரும், ஆயில் நிக்கதுக்காகக் கீறி விட்ட ஹோனிங் கோடு ஒண்ணு மிச்சமிருக்காது. அதுல பிஸ்டன் ரிங்க மட்டும் மாத்திப் போடுன்னா எப்படி அண்ணாச்சி, புது ரிங்கு அதுல படிஞ்சு பெட்டே ஆகாது, பழையபடி ஆயில்தான் குடிக்கும்.

போன வருசம் ஒரு டக்குல லைனர வெளிய உருவுனோம். தண்ணி படுற பக்கம், பிஸ்டன் தட்டுற சைடுல மட்டும், ஊசியால குத்துன மாதிரி நெட்டுக்க பொத்தல். லைனர் அதிர்ற அதிர்வுல தண்ணில குமிழி உண்டாகி ஒடைஞ்சு ஒடைஞ்சே இரும்ப அரிச்சிருக்கு. கூலன்ட் மருந்து ஊத்தாம வெறும் போர் தண்ணி ஊத்திருக்காங்க. ஒரு பொத்தல்ல என் நகம் எறங்குச்சு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிருந்தா தண்ணி கீழ ஆயில் நிக்குற சம்புக்குள்ள எறங்கி பேரிங் பூரா போயிருக்கும்.

பிஸ்டனையும் கிராங்கையும் சேக்குற கனெக்டிங் ராட் போல்ட்டும் அப்படித்தான், பாக்க புதுசு மாதிரியே இருக்கும், ஆனா மேக்கர் சொன்ன மணி நேரம் தாண்டிட்டுன்னா தயவுசெஞ்சு திருப்பிப் போடச் சொல்லாதீங்க. அது அறுந்தா ராடு கிராங்க்கேஸ் கதவப் பேத்துக்கிட்டு வெளிய வரும், அந்த நேரம் பக்கத்துல நிக்கது ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை.

அப்புறம் டிஃப்ளெக்‌ஷன். கிராங்க் சாஃப்ட் சுத்தும்போது எவ்வளவு வளையுதுன்னு பாக்குற அளவு அது. தண்ணி இல்லாத ட்ரை டாக்ல படகு கட்டை மேல ஒக்காந்திருக்கும்போது எடுத்த ரீடிங்க வச்சு வேலைய முடிச்சிராதீங்க, மெதந்தா ஹல்லோட (படகு உடம்போட) வளைவு மாறும், கிராங்க்கோட ரெண்டு வெப்புக்கும் (பக்கத் தகடு) நடுவுல டயல் கேஜ வச்சு தண்ணில திரும்ப எடுத்தாத்தான் கணக்கு. மெதக்க விட்டப்புறம் ரெண்டு நாள் குடுங்க, ஒரு நாள் டிஃப்ளெக்‌ஷனுக்கு, ஒரு நாள் லோட கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி ரன்னிங் இன் பண்ண. அதுக்கப்புறம் டக்க வாடகைக்கு எடுக்குற சார்ட்டர்காரங்கட்ட தேதி சொல்லுங்க.