ஆயில் சீல் மேல பழி போடுறதுக்கு முன்னாடி பிரீத்தரைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பழைய ஏர் கூல்டு கார் இன்ஜினை இறக்கி வேலை செய்யுறது பத்தி உங்க மோட்டார் பக்கத்துல வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு கைடுன்னு எல்லாம் விவரமா இருந்துச்சு, ஆனா கிராங்க் கேஸ் பிரீத்தர், அதான் கிராங்க் ஷாஃப்ட் சுத்துற கூட்டுக்குள்ள சேருற கேஸை வெளிய விடுற வழி, அது பத்தி ஒரு வரி கூட இல்ல. அத விட்டதால நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல, அதான் எழுதுறேன்.

என்கிட்ட இருக்கிறது வோக்ஸ்வேகன் பீட்டில். புது ரிங் போட்டு ஒரு மாசத்துலயே கிராங்க் புல்லி பக்கம் ஆயில் கசிஞ்சுது, அப்புறம் ஃப்ளைவீல் பக்கமும் ஒழுகி கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு தடவ இன்ஜினை இறக்கி, ஆயில் கசியாம அடைக்கிற சீலை மாத்தியும் அதே கதைதான். அப்புறம் நானே டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஆயில் ஊத்துற ஃபில்லர்ல இருந்து ஏர் கிளீனருக்குப் போற பிரீத்தர் ஹோஸ்குள்ள ஒரு போல்ட்டைத் திணிச்சு கிளாம்ப் போட்டு இறுக்கி வச்சிருக்காங்க, மெக்கானிக்குங்களக் கேட்டா கார்புரேட்டர்ல பிசுக்கு படியுதுன்னு அடைச்சோம்ங்கறாங்க. ஃபில்லர்ல இருந்து கீழ தொங்குற ட்யூபோட ரப்பர் வாயும் காஞ்சு ஒட்டிக் கிடந்துச்சு. ஃபில்லர் மூடியைக் கழட்டுனா உள்பக்கம் பூரா வெளிறுன காபி கலர்ல கொழகொழன்னு, வெண்ணெய் மாதிரி வழிச்சு எடுக்கலாம், அவ்வளவும் வெளிய போக வழியில்லாத நீராவி ஆயிலோட கலந்தது.

எவ்வளவு நல்ல ரிங்கா இருந்தாலும் எரியுற கேஸ் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி கிராங்க் கேஸுக்குள்ள இறங்கத்தான் செய்யும், புது ரிங் சிலிண்டர்ல பதியுற வரைக்கும் இன்னும் கூடுதலாவே இறங்கும். பிரீத்தர் அடைச்சிருந்தா அந்த அழுத்தம் எங்க சந்து கிடைக்குதோ அங்க ஆயிலைத் தள்ளும். பீட்டில்ல புல்லி பக்கம் ரப்பர் சீலே கிடையாது, ஒரு தகடும் புல்லி கழுத்துல மரை மாதிரி வெட்டுன காடியும்தான் ஆயிலை உள்ள திருப்பி விடுது, உள்ள அழுத்தம் ஏறுனா அது என்ன பண்ணும் பாவம்.

சிட்ரோயன் 2சிவி, அதான் ரெண்டு சிலிண்டர் பிரெஞ்சு கார், வச்சிருக்கவங்க இன்னும் கவனமா இருக்கணும். பீட்டில்ல ரெண்டு பிஸ்டன் வெளிய போறப்ப மத்த ரெண்டும் உள்ள வந்துரும், 2சிவில இருக்கிற ரெண்டு பிஸ்டனும் ஒண்ணாவே உள்ள வரும் ஒண்ணாவே வெளிய போகும், கிராங்க் கேஸே ஒரு பம்ப் மாதிரி அடிக்கும். அதனாலதான் அதோட பிரீத்தர்ல காத்த வெளிய மட்டும் விடுற ரப்பர் வால்வு வச்சு உள்ள லேசா வெற்றிடம் நிக்கிற மாதிரி பண்ணியிருக்காங்க, அந்த ரப்பர் விறைச்சுப் போச்சுன்னா எந்த சீல் போட்டாலும் ஒழுகும்.

1600 சிசி பீட்டில் இன்ஜினை 1776 ஆக்குறவங்களுக்கு பழைய பிரீத்தர் பத்தாம போகலாம். வால்வு பக்கம் மூடியிருக்கிற ரெண்டு டேப்பெட் கவர்ல இருந்தும், ஆயிலைப் பிரிச்சு கேஸை மட்டும் வெளிய விடுற பிரீத்தர் பாக்ஸுக்கு ஹோஸ் இழுங்க, நடுவுல தொங்க விடாம மேல ஏறிட்டே போகணும், தொங்குனா அங்க ஆயில் தேங்கி அதுவே அடைப்பாயிடும். வால்வு இல்லாம ஹோஸை நேரா, சிலிண்டருக்கு மிக்ஸ்சர் போற இன்லெட் மேனிஃபோல்டுல மட்டும் சொருகிடாதீங்க, ஆயிலையும் உறிஞ்சும், மிக்ஸ்சர்ல பெட்ரோல் குறைஞ்சு ஹெட்டும் சூடேறும்.

அந்தப் பக்கத்துல இதையும் தயவுசெஞ்சு போடுங்க, சீல் வாங்க ஓடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஹோஸையும் கழட்டி வாயால ஊதிப் பாக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு பீட்டில்காரன்