புகார்: கசிவு கம்ப்ரஸரில், கழற்றியது இன்ஜின் ஹெட்டை

அனுப்புநர்:
லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர், நாமக்கல்.

பெறுநர்:
பொது மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, நிறுவனத் தலைமையகம்.

பொருள்: 2012 மாடல் லாரியில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவதற்குக் காரணம் கண்டறியாமல் ஹெட் வேலை செய்து வாங்கிய தொகையைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

என்னிடம் இருப்பது ஒரே லாரி. உங்கள் நிறுவனம் தயாரித்தது, பிஎஸ்-3 இன்ஜின், 12 சக்கரம். நானே ஓட்டுகிறேன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிரா போவேன். திரும்பும்போது தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி வந்து நாமக்கல் கோழித்தீவன ஆலைகளில் இறக்குவேன். குடும்பம் நடப்பது இந்த வாடகையில்தான்.

உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் இந்த வண்டியின் இன்ஜின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்றி மாட்டி ₹68,500 வாங்கினார்கள். கோளாறு ஹெட்டில் இல்லவே இல்லை. பிரேக்குக்குக் காற்றை அழுத்தித் தரும் ஏர் கம்ப்ரஸரில் இருந்தது. நாமக்கல்லில் ஒரு சாதாரணப் பட்டறையில் அதைக் கண்டுபிடித்து, ₹3,800-க்கு முடித்துக் கொடுத்தார்கள்.

வண்டி தண்ணீர் குடிக்க (கூலன்ட் அடிக்கடி குறைய) ஆரம்பித்ததும் முதலில் நானே எல்லா இடத்தையும் பார்த்தேன். நிறுத்திய இடத்தில் தரையில் ஒரு சொட்டு இல்லை. வாட்டர் பம்ப் சீல் போயிருந்தால் பம்ப்புக்கு அடியில் உள்ள சின்னத் துளை வழியாக ஒழுகும். அதுவும் காய்ந்து கிடந்தது. ஹோஸ், கிளிப், இன்ஜின் பிளாக்கின் துளைகளை அடைக்கும் டம்மி பிளக் எதிலும் ஈரமில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது, மோர் மாதிரி வெளுக்கவில்லை, அதாவது ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. புகையில் வெள்ளை இல்லை. ரேடியேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாய் முனையில் மட்டும் கூலன்ட் பீய்ச்சிய பச்சைக் கறை.

இன்னொன்றையும் கவனித்தேன். ஜவ்வரிசி லோடோடு சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது ஹீட் ஊசி அசையவில்லை. திரும்பி வரும்போது, மக்காச்சோள லோடோடு அதே தொப்பூரில் இறங்குகையில்தான் கூலன்ட் வெளியே தள்ளியது. ஓசூர் நெரிசலில் பிரேக்கை மிதித்து மிதித்து வரும்போதும் அப்படியே. அப்புறம், காலையில், பிரேக் காற்றைச் சேர்த்து வைக்கும் ஏர் டேங்க்கைத் திறந்து தண்ணீர் வடிக்கும்போது லேசாகப் பச்சை நிறம் தெரிந்தது.

இந்த மூன்றையும் உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் நின்று நிதானமாகச் சொன்னேன். ஜாப் கார்டில் அவர் எழுதியது "ஹீட்டிங் கம்ப்ளெயின்ட்" என்று மட்டும். ஏர் டேங்க்கில் பச்சைத் தண்ணீர் வருகிறது என்றதற்கு, "காத்துல ஈரம் இருக்கும் சார், தண்ணி வரத்தான் செய்யும்" என்றார். ஈரம் வரும், சரி. காற்றிலிருந்து வரும் ஈரத்துக்கு ஏது பச்சை நிறம்?

முதல் தடவை ரேடியேட்டர் மூடியையும் மேல் ஹோஸையும் மாற்றி அனுப்பினார்கள். பழைய ஹோஸ்தான், மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பணத்தை நான் கேட்கவும் இல்லை. கோளாறு அப்படியே இருந்ததால் திரும்பக் கொண்டுபோனேன். இந்தத் தடவை மூடியைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டரில் குமிழி வருவதைக் காட்டினார்கள். "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். கேஸ்கெட் என்பது ஹெட்டுக்கு அடியில் கசிவு வராமல் அடைக்கும் தகடு.

குமிழி வந்தது உண்மை. அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை என்பதுதான் என் புகார்.

உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான், இருந்தாலும் எழுதுகிறேன். இந்த வண்டியின் ஏர் கம்ப்ரஸர் ஹெட்டைக் குளிர்விப்பது இன்ஜினின் கூலன்ட்தான். அந்தக் கம்ப்ரஸர் பிரேக்குக்காகக் காற்றை 8 பார் வரை அழுத்துகிறது. ரேடியேட்டர் மூடியோ 1 பார் அளவிலேயே திறந்துகொள்ளும். கம்ப்ரஸர் ஹெட் கேஸ்கெட் விட்டுப்போனால் அந்தக் காற்று கூலன்ட் பாதைக்குள் புகுந்து, மூடியைத் தூக்கி, ஓவர்ஃப்ளோ வழியாகக் கூலன்ட்டை வெளியே தள்ளிவிடும். கம்ப்ரஸர் சும்மா சுற்றும்போது இதே வழியில் கூலன்ட் ஏர் டேங்க் பக்கம் போகும். இறக்கத்தில் பிரேக் அதிகம். டேங்க்கில் காற்று குறையக் குறையக் கம்ப்ரஸர் விடாமல் வேலை செய்யும், கசிவும் கூடும். இன்ஜின் ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் சிலிண்டரில் அழுத்தம் கூடும் ஏற்றத்தில்தான் வண்டி முதலில் மக்கர் செய்திருக்கும். நான் சொன்ன மூன்றும் கம்ப்ரஸரையே காட்டின.

ஹெட் வேலை முடித்துக் கொண்டுவந்த வண்டி, அடுத்த மக்காச்சோள லோடில் தொப்பூர் இறங்கும்போது பழையபடி கூலன்ட்டைத் தள்ளியது. நாமக்கல் பட்டறைக்கு விட்டேன். அங்கே இருந்த மெக்கானிக் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஸ்பேனரை எடுக்காமலேயே டேங்க்கில் இருந்த காற்றை எல்லாம் வடித்துவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, இன்ஜினைப் போட்டார். குமிழி வந்தது. ஏர் கேஜ் ஏறி 8-ஐத் தொட்டு, காற்று நிறைந்ததும் கம்ப்ரஸருக்கு ஓய்வு கொடுக்கும் அன்லோடர் புஸ்ஸென்று விட்டதும் குமிழி நின்றது. என்னைப் பிரேக்கை மிதித்துக் காற்றைக் குறைக்கச் சொன்னார். கம்ப்ரஸர் மறுபடி ஏற்ற ஆரம்பித்ததும் குமிழியும் ஆரம்பித்தது. சந்தேகம் தீர, கம்ப்ரஸருக்குப் போகும் இரண்டு தண்ணீர் ஹோஸையும் கழற்றி, இன்ஜின் பக்கத்து முனைகளை ஒன்றோடு ஒன்று இணைத்து கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டார். ரேடியேட்டரில் ஒரு குமிழி கூட இல்லை. இதற்குத் தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை.

கம்ப்ரஸர் ஹெட்டைத் திறந்ததும், கேஸ்கெட்டில் காற்றுப் பக்கத்திலிருந்து தண்ணீர்த் துளை வரை அரித்த தடம் கண்ணுக்கே தெரிந்தது. கேஸ்கெட் செட் மாற்றி, கம்ப்ரஸர் ஹெட்டை ஃபேசிங் போட்டு (பரப்பைச் சமமாகக் கடைந்து) மாட்டினார். அதற்குப் பிறகு நாசிக் வரை போய் வந்துவிட்டேன், கூலன்ட் அளவு இறங்கவில்லை.

உங்கள் சர்வீஸ் சென்டரில் கருவியும் இருக்கிறது. கையால் அழுத்தும் பிரஷர் டெஸ்டர் சுவரில் மாட்டியிருந்ததை நானே பார்த்தேன். ரேடியேட்டரில் வரும் காற்று எரிந்த புகையா என்று பார்க்க நீல நிறத் திரவம் ஒன்று உண்டு. சிலிண்டர் புகை பட்டால் நிறம் மாறும், கம்ப்ரஸர் காற்றுக்கு மாறாது. அதைப் போட்டிருந்தால் ஹெட்டைத் தொட வேண்டிய அவசியமே வந்திருக்காது. எந்தச் சோதனை செய்ததாகவும் பில்லில் ஒரு வரி இல்லை.

பில்லைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் இரண்டு விஷயம். ஹெட் வளைந்திருந்ததாகச் சொல்லி ஃபேசிங்குக்குத் தனியாகப் பணம் போட்டிருக்கிறார்கள். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் வளைவு எவ்வளவு வந்தது என்று கேட்டேன், பதில் இல்லை. பழைய கேஸ்கெட்டைக் காட்டுங்கள் என்றேன். ஸ்கிராப்பில் போய்விட்டது என்றார்கள். கேஸ்கெட் போயிருந்தால் விட்ட இடத்தில் கரித்தடம் இருக்கும். அதைக் காட்டியிருந்தால் எனக்கும் வாயடைத்திருக்கும்.

இரண்டாவது, கூலன்ட். 50-க்கு 50 கலந்த கூலன்ட் நிரப்பியதாக பில்லில் இருக்கிறது. நாமக்கல்லில் வடித்தபோது வந்தது கூலன்ட்டின் பச்சை நிறமே இல்லாத, துரு கலந்த தண்ணீர். உப்பு நிறைந்த போர்வெல் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டரில் படிவு கட்டும். தண்ணீர் நேரடியாகப் படும் லைனர் (சிலிண்டரின் உறை) உள்ள இன்ஜின் இது. கூலன்ட்டில் உள்ள பாதுகாப்பு மருந்து இல்லாவிட்டால் லைனரின் வெளிப்பக்கம் குழி குழியாக அரிக்கும். இதையெல்லாம் எழுதியிருப்பது உங்கள் நிறுவனம் வண்டியோடு கொடுத்த கையேட்டில்தான்.

பணத்தைவிட எனக்குக் கோபம் வருவது ஏர் டேங்க் விஷயத்தில். பிரேக் வால்வுகளுக்குப் போகும் காற்றில் கூலன்ட் கலக்கிறது என்று ஓட்டுநர் வந்து சொல்கிறான். அதைக் காதில் வாங்காமல் லோடு வண்டியை ரோட்டுக்கு அனுப்புகிறார்கள். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் எத்தனை லாரி மோதியிருக்கிறது என்பது அந்தச் சர்வீஸ் சென்டரில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாததா?

ஹெட் வேலைக்கு வாங்கிய ₹68,500-ஐ, ஃபேசிங், கூலன்ட் தொகை உட்பட, முழுவதும் திருப்பித் தர வேண்டும். கம்ப்ரஸர் வேலைக்கு ஆன ₹3,800 என் வண்டியின் தேய்மானச் செலவு, அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். வண்டி நின்ற நாட்களில் போன லோடு வாடகையையும் இப்போதைக்குக் கேட்கவில்லை. கழற்றிய ஹெட் கேஸ்கெட் இருந்தால் ஒப்படையுங்கள். இல்லையென்றால் எந்த அளவை வைத்து ஹெட் வேலை முடிவானது என்று எழுத்தில் கொடுங்கள். ஏர் பிரேக் வண்டி எதிலும் கம்ப்ரஸரின் தண்ணீர் இணைப்பைத் தனியாகப் பிரித்துச் சோதிக்காமல் ஹெட்டைத் திறக்கக் கூடாது என்று உங்கள் சர்வீஸ் சென்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் அனுப்புங்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். லாரி என்பதால் வணிகப் பயன்பாடு என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பயன்பாட்டில் சேர்க்கவில்லை.

இரண்டு பில்கள், ஜாப் கார்டு, நாமக்கல் பட்டறை ரசீது, கம்ப்ரஸர் கேஸ்கெட்டின் புகைப்படம், குமிழி நின்று மீண்டும் வருவதைக் காட்டும் வீடியோ ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அரித்த கேஸ்கெட் என்னிடமே இருக்கிறது. உங்கள் பொறியாளர் யாராவது நேரில் வந்தால் காட்டுகிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர், நாமக்கல்.