ஹெலட்டுகளுக்கு ஒரு பத்தி கொடுங்கள்

மதிப்பிற்குரிய வரலாற்றுப் பாடக் குழுவினருக்கு,

வணக்கம். பண்டைய கிரேக்கத்தின் ஏதென்ஸ், ஸ்பார்ட்டா பற்றிய பாடத்தை எழுதியவர்கள் நீங்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதில் இல்லாத ஒன்றைப் பற்றியதே இம்மடல். சென்ற பருவத் தேர்வில், இவ்விரு நகர அரசுகளுள் எதில் பிறக்க விரும்புவீர் என்று கேட்டுக் காரணமும் தரச் சொல்லியிருந்தீர்கள். என் வகுப்பு மாணவி ஒருத்தி, குடிமக்களின் வீட்டில்தான் பிறப்பேன் என்பதற்கு என்ன உறுதி, ஸ்பார்ட்டாவில் நிலத்தோடு கட்டப்பட்ட ஹெலட்டாகவோ ஏதென்ஸில் அடிமையாகவோ பிறந்திருந்தால் இரண்டு ஊரும் எனக்கு ஒன்றுதானே என்று எழுதியிருந்தாள். மதிப்பெண் சுழியம். கேட்டபோது, விடைக்குறிப்பில் அப்படி ஒரு விடை இல்லை என்றார்கள். உண்மைதான், பாடத்திலேயே இல்லாதது விடைக்குறிப்பில் எப்படி இருக்கும்?

ஸ்பார்ட்டாவில் ஏழு வயதில் சிறுவனைத் தாயிடமிருந்து பிரித்துப் பயிற்சிக்கு அனுப்பியதையும், ஆண்கள் பொதுப் பந்தியில் அமர்ந்து கருங்கூழ் உண்டதையும் விரிவாகவே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பந்திக்கு ஒவ்வொரு குடிமகனும் வாற்கோதுமையும் திராட்சை மதுவும் பாலாடைக்கட்டியும் அத்தியும் தன் பங்காகக் கொண்டுவர வேண்டும், கொடுக்க இயலாதவன் குடியுரிமையையே இழப்பான் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. நாளெல்லாம் போர்ப்பயிற்சியில் இருந்தவனுக்கு அந்த வாற்கோதுமையை விளைவித்துக் கொடுத்தவர் யார் என்ற கேள்வியைத்தான் பாடம் கேட்கவில்லை. லக்கோனியாவிலும், வென்று அடிமைப்படுத்திய மெசேனியாவிலும் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு கட்டப்பட்டிருந்த ஹெலட்டுகளே அவர்கள். விளைச்சலில் பாதியைச் சுமை தாங்கிய கழுதைகளைப் போல அவர்கள் எசமானர்களிடம் கொண்டு சேர்த்ததை ஸ்பார்ட்டாவின் சொந்தக் கவிஞரான டிர்டேயஸே பாடியிருக்கிறார். அந்த ஊர் ஏன் ஓயாமல் ஆயுதம் ஏந்தி நின்றது என்பதற்கு வீரம் மட்டும் விடையாகாது. தன் வயலிலேயே தன்னைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் நின்றவர்கள் மீதிருந்த அச்சத்தையும் அந்த விடையில் சேர்க்க வேண்டும்.

ஆண்டுதோறும் பதவியேற்ற ஸ்பார்ட்டாவின் உயர் அதிகாரிகளான எஃபோர்கள் ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவித்தார்கள் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். போர் அறிவித்துவிட்டால் அவர்களைக் கொல்வது தெய்வக் குற்றமாகாது என்பதே அதன் நோக்கம். ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலோப்பொனேசியப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடிஸ் சொல்வது இதைவிடக் கொடியது. போரில் ஸ்பார்ட்டாவுக்குச் சிறப்பாகத் தொண்டு செய்ததாகக் கருதும் ஹெலட்டுகள் முன்வரலாம், அவர்களுக்கு விடுதலை உண்டு என்று ஓர் அறிவிப்பு வந்தது. விடுதலையை முதலில் கேட்கத் துணிபவனே முதலில் எதிர்க்கத் துணிபவன் என்பது அறிவித்தவர்களின் கணக்கு. ஏறத்தாழ 2,000 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தலையில் மாலை சூடி, விடுதலை கிடைத்த மகிழ்ச்சியில் கோயில்களைச் சுற்றி வந்தார்கள். சிறிது காலத்தில் அவர்கள் அத்தனை பேரும் இல்லாமல் போனார்கள். ஒவ்வொருவரும் எப்படி மாண்டார் என்பதுகூட எவருக்கும் தெரியவில்லை. இந்த 2,000 பேருக்கு நம் பாடநூலில் ஒரு வரியும் இல்லை, கருங்கூழுக்கு இரண்டு வரி இருக்கிறது.

ஏதென்ஸை உயர்த்துவதற்காக நான் இதை எழுதவில்லை. சலாமிஸில் கி.மு. 480-இல் பாரசீகரை வென்ற கப்பல்கள் ஏதென்ஸின் லவ்ரியோன் சுரங்கங்கள் தந்த வெள்ளி வருவாயில் கட்டப்பட்டவை. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்கள் அடிமைகள். ஏதென்ஸின் தளபதி நிகியாஸ் ஆயிரம் அடிமைகளை, தலைக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல் என்ற சிறு வெள்ளி நாணயத்துக்கு சுரங்க வேலைக்கு வாடகைக்கு விட்டிருந்ததைக் கிரேக்க எழுத்தாளர் செனபோன் குறிப்பிடுகிறார். ஸ்பார்ட்டாவின் படை கி.மு. 413-இல் ஏதென்ஸுக்கு அருகிலுள்ள டெக்கெலியாவில் அரண் அமைத்த பின், ஏதென்ஸிலிருந்து 20,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் தப்பி ஓடினார்கள். மக்களாட்சி என்று நாம் தடித்த எழுத்தில் அச்சிடும் ஊரைவிட்டு ஓடியவர்கள் அவர்கள். அந்த ஊரின் பெண்களுக்கும் மன்றத்தில் இடமில்லை. சொத்து விஷயத்தில் ஸ்பார்ட்டாப் பெண்களின் நிலை மேலானது. நாட்டு நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அவர்கள் கையில் இருந்ததை அரிஸ்டாட்டில் ஒரு குறையாகவே எழுதிவைத்தார்.

ஆனால் 'வேறுபடுத்துக' என்ற வினாவுக்கு இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணை போதும், ஒரு பக்கம் வீரம், மறுபக்கம் அறிவு என்று எழுதினால் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும் என்ற நிலை வந்த பிறகு இவையெல்லாம் எதற்கு என்று நீங்கள் நினைப்பதும் நியாயமே. உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களில், பாரசீகரை எதிர்த்து நின்ற ஸ்பார்ட்டாவின் முந்நூறு வீரர்கள் நிற்கிறார்கள். தெர்மோபைலேயில் அவர்களோடு ஹெலட்டுகளும் இறந்து கிடந்ததைச் சொன்ன கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸுக்குத்தான் அங்கே சுவர் கிடைக்கவில்லை. கி.மு. 479-இல் பாரசீகருக்கு எதிரான பிளாட்டேயாப் போரில் 5,000 ஸ்பார்ட்டக் குடிமக்களுடன் ஆளுக்கு ஏழு பேராக 35,000 ஹெலட்டுகள் நின்றதாகவும் அவரே கணக்குச் சொல்கிறார். அட்டவணையில் அவர்களுக்கு மூன்றாவது பத்தி ஒன்று வரைந்தால் பக்கம் கொள்ளாது போலும்.

சொல்லில் கடுமை ஏறிவிட்டது, பொறுத்தருள வேண்டும். பாடநூலுக்குப் பக்க வரம்பு உண்டு என்பதை அறிவேன். ஆகவே ஒரு பத்திதான் கேட்கிறேன்: அடுத்த பதிப்பில் ஹெலட்டுகளுக்கும் லவ்ரியோன் அடிமைகளுக்கும் ஒரே ஒரு பத்தி ஒதுக்குங்கள். அது இருந்தால் பாடத்தின் கடைசிப் பகுதியும் விளங்கும். லியூக்ட்ராவில் கி.மு. 371-இல் தீப்ஸ் நகர அரசிடம் தோற்ற ஸ்பார்ட்டா அதன் பின் எழவே இல்லை என்று முடித்திருக்கிறீர்கள். ஈராண்டுக்குள் தீப்ஸின் தளபதி எபமினோண்டாஸ் மெசேனியாவை விடுவித்ததால், உழுது கொடுத்த கைகளில் பெரும் பகுதியை ஸ்பார்ட்டா இழந்தது. இக்காரணத்தைச் சொல்லாததால், ஒரே ஒரு தோல்வியில் அவ்வளவு பெரிய படை ஏன் ஓய்ந்தது என்று மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். நூலில் விடை இல்லாததால் நான் நூலுக்கு வெளியே போய்ச் சொல்கிறேன், அதை எழுதியவர்கள் மதிப்பெண் இழக்கிறார்கள்.

புதிய பதிப்புக்குக் காலம் ஆகுமெனில், அதுவரை விடைக்குறிப்பிலாவது 'பொருத்தமான பிற விடைகளுக்கும் மதிப்பெண் வழங்கலாம்' என்ற வரியைச் சேர்த்து, திருத்தும் ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அம்மாணவியின் விடைத்தாளையும் அந்த வரியின்படி ஒருமுறை மறுமதிப்பீடு செய்ய ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்