எல்லவில் டோர்ச் பிடித்து வந்த அண்ணனுக்கு நன்றி

போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, முதல் நாள் இரவு. மறுநாள் நாடு முழுக்கச் சாராயக் கடை பூட்டு என்பதால் மலைநாட்டு ஊரான எல்லவின் பிரதான வீதியில் எந்த பாரிலும் உட்கார இடமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து போன நாங்கள் நால்வரும் ஒரு மாடி பாரில் தொற்றிக்கொண்டோம். பக்கத்து மேசை ஜெர்மன்காரர்கள் தென்னஞ்சாராயத்தில் ஜிஞ்சர் பியர் கலந்து குடித்துவிட்டு பைலாவுக்கு ஆடிய ஆட்டத்தில் ஒருவரின் செருப்பு வீதியில் போய் விழுந்தது. சரி, அது வேறு கதை.

தங்குமிடம் ஒன்பது வளைவுப் பாலம் என்ற ரயில் பாலத்துப் பக்கம். குறுக்குவழி என்று தண்டவாளத்தில் நடந்தோம். பகலில் எல்லோரும் நடக்கிறார்கள்தானே என்ற நினைப்பு. இருட்டில் சிலிப்பர் கட்டை தெரியாமல் நண்பனுக்குக் கால் பிரண்டுவிட்டது. எங்கள் போன்களோ செத்துக் கிடந்தன.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். சாரம், தலையில் துவாய், கையில் டோர்ச். "தம்பி, கோச்சி (ரயில்) வந்தாலும் வரும், மொதல்ல ஓரத்துக்கு வாங்க." எங்கள் மேல் அடித்த வாடைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. அவனைத் தோளில் தாங்கி, தேயிலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையால் வாசல்வரை கொண்டுவந்தீர்கள். காலில் ஏறியிருந்த அட்டைகளுக்கு உங்கள் வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பைத் தொட்டு வைத்தீர்கள். ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன.

காசு நீட்டியபோது கையைத் தட்டிவிட்டு, "யாழ்ப்பாணமா? நல்லூர்த் தேர் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றீர்கள். பெயர் கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. அண்ணா, தேருக்கு வாங்கோ. தங்க எங்கள் வீடு இருக்கிறது. அவன் இப்போது நன்றாக நடக்கிறான்.