ஆலோசகர் என்று அச்சிடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் பொதுக்கொள்கைக்கென்று தனி இதழ் நடத்த முன்வருவதை வரவேற்றும், பேராசிரியர்களும் துறை வல்லுநர்களும் ஆலோசகர்களாக அமைவதே அத்தகைய இதழின் தரத்துக்கு உத்தரவாதம் என்று வலியுறுத்தியும் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வரவேற்பில் எனக்கும் முழு உடன்பாடு. உத்தரவாதம் என்ற சொல்லில்தான் எனக்குத் தயக்கம் இருக்கிறது. எங்கள் நீலகிரி மலையில் ஒரு கல்லூரியிலிருந்து வந்த அப்படிப்பட்ட இதழின் உள்ளட்டையில் நான்கு ஆண்டுகள் ஆலோசகர் வரிசையில் என் பெயரும் அச்சாகியது. அந்த நான்கு ஆண்டுகளில் நான் முதல் வரி முதல் கடைசி வரி வரை படித்துக் கருத்து எழுதிக் கொடுத்த கட்டுரைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஓர் இதழில் பசுந்தேயிலை விலை குறித்து மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுதியிருந்தார். தேயிலை வாரியத்தின் விலைப் பகிர்வு முறைப்படி விற்பனை விலையில் 65 சதவீதம் இலை கொடுத்த விவசாயிக்கும் 35 சதவீதம் தொழிற்சாலைக்கும் உரியது என்பதைச் சரியாகவே எடுத்துக்கொண்ட அவர், குன்னூர் ஏலத்தில் தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போனால் இலை கிலோவுக்கு விவசாயியின் கையில் 65 ரூபாய் சேர வேண்டும், கிடைப்பதோ 15 ரூபாய், ஆகவே கிலோவுக்கு 50 ரூபாய் நடுவில் மறைகிறது என்று கணக்குக் காட்டியிருந்தார். படித்தவர் எவருக்கும் ரத்தம் கொதித்திருக்கும். எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகள் இலை ஏஜென்டாக இருந்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அச்சான பிரதியை அவரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலை வெயிலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து படித்தவர், என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, அந்த 65 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "நாலு கிலோ இலை போட்டால்தானே சார் ஒரு கிலோ தூள் வரும்? இதை நாலால் வகுக்கவே இல்லையே" என்றார்.

வகுத்தால் 16 ரூபாய் 25 காசு. மறைந்தது ஐம்பது ரூபாய் அல்ல, ஒன்றேகால் ரூபாய். அந்த ஒன்றேகால் ரூபாய் சிறிய தொகை என்று நான் சொல்ல வரவில்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு மாதந்தோறும் இலை போடுகிற குடும்பத்துக்கு அது பெரிய தொகை. எழுத வேண்டிய கட்டுரையே அதற்குள்தான் இருந்தது. நாலு கிலோவுக்கு ஒரு கிலோ என்பது எல்லாத் தொழிற்சாலைக்கும் ஒன்றா, இலையின் தரம் குறைந்தால் அந்த விகிதம் எப்படி மாறும், மழை நாளில் ஈரத்துக்கென்று எடையில் எவ்வளவு கழிக்கிறார்கள், அந்தக் கழிவை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பெரியவர் அடுக்கிக்கொண்டே போனார். உள்ளட்டையில் அப்போது பொருளியல் படித்த நான், புள்ளியியல் பேராசிரியர் ஒருவர், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எல்லோரும் இருந்தோம். அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படியான மெய்ப்பு எனக்கு அனுப்பப்பட்டிருந்தது. அது பத்து நாள் என் பையிலேயே கிடந்தது. ஆகவே அந்த மாணவியைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

இதைச் சொன்னவுடன், கள அனுபவம் இருந்தால் போதும், பேராசிரியர்கள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதுவும் சரியல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை பதிவானது. 2009 நவம்பரில் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2019இல் அவ்வளவு மழை பெய்தும் உயிரிழப்பு குறைவாக இருந்ததால் பேரிடர் ஆயத்தம் மேம்பட்டுவிட்டது என்று வந்த ஒரு கட்டுரையைப் புவியியல் பேராசிரியர் திருப்பி அனுப்பினார். அவலாஞ்சி காடும் நீர்ப்பிடிப்பும் சூழ்ந்த, குடியிருப்பு மிகக் குறைந்த இடம். 2009இல் சரிந்தவையோ குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் வீடுகள் நெருங்கி நின்ற சரிவுகள். இரண்டையும் மழை அளவை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது என்று அரைப் பக்கத்தில் எழுதியிருந்தார். அந்த மழைகளை நேரில் பார்த்தவர்கள் எங்களில் பலர். ஆனால் எதை எதோடு ஒப்பிடலாம் என்ற கேள்வி எங்கள் யாருக்கும் எழவில்லை. அது படிப்பால் வருகிற பழக்கம்.

கூடலூர் நிலத்தைப் பற்றி எழுதும்போது மூன்றாவது வகை ஆலோசகரும் தேவைப்படுகிறார். ஜன்மம் எனப்பட்ட பரம்பரை நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தில், குத்தகை நிலங்களைப் பற்றிய 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் வாழ்பவர்களையும், பிற்காலத்தில் காட்டுக்குள் வேலி நகர்த்தியவர்களையும் சேர்த்து ஒரே சொல்லில் 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று எழுதிவிடுவது எளிது. இந்தியா முழுவதற்கும் 'காடு' என்ற சொல்லுக்குப் பொருள் வகுத்த உச்ச நீதிமன்றத்தின் 1996 டிசம்பர் 12 உத்தரவு, இதே கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டப்பட்டதைக் குறித்து கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கில் பிறந்தது என்பது, இங்குள்ள மாணவர்களிலேயே பலருக்குத் தெரியாது. அப்படியொரு வரைவைப் படித்த கூடலூர் வழக்கறிஞர் ஒருவர், 'ஆக்கிரமிப்பாளர்' என்று வந்த ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் "எந்தப் பிரிவு நிலம்?" என்று மட்டும் எழுதி அனுப்பினார். பதினொரு இடங்கள். கட்டுரையை எழுதியவர் வருவாய்த் துறை அலுவலகத்துக்கு நான்கு முறை போய் வந்து முழுவதையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. என் அனுபவத்தில் ஆலோசனை என்றால் அதுதான்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலைக் காக்கப் பரிந்துரை சொல்ல, சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையில் ஒரு குழு 2010இல் அமைக்கப்பட்டது. அது 2011 ஆகஸ்டில் அளித்த அறிக்கை, தகவல் உரிமைச் சட்டத்தின்படி போராடிய பிறகே 2012 மே மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் எங்கள் ஊர்களில் உலவிய வதந்திகளுக்குக் கணக்கில்லை. வந்த அறிக்கையும் ஆங்கிலத்தில் பல நூறு பக்கம். அதன் பரிந்துரைகளை உள்ளூர் மொழியில் வைத்துக் கிராம சபைகளில் விவாதிக்க வேண்டும் என்று அக்குழுவே கேட்டிருந்தது என்பது வேடிக்கை. கொள்கை இதழ் ஒன்று இந்த மாவட்டத்தில் வருமானால், அதன் தமிழ்ப் பகுதியைப் படித்துப் பார்க்கவும் ஓர் ஆலோசகர் வேண்டும். 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கிய சென்னை உயர் நீதிமன்றம், மலைகள் எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்பதை ஆராயும் பொறுப்பைச் சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் கொடுத்தது. தகுதியான நிறுவனங்கள்தான். பின்னர் 2025 ஏப்ரல் முதல் உதகைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு வந்தபோது, கடைத்தெருவில் எல்லோரும் எண்ணைப் பற்றிப் பேசினார்களே தவிர, எண் எப்படி வந்தது என்பதைத் தமிழில் விளக்க எங்கள் மாவட்டத்தில் ஓர் இதழ் இல்லை. டாக்ஸி ஓட்டுநரும் விடுதி நடத்துபவரும் குடிநீர் வாரம் ஒருமுறை வரும் தெருக்காரரும் ஒரே எண்ணை மூன்று விதமாகப் புரிந்துகொண்டார்கள்.

ஆலோசகரின் எல்லை எதுவரை என்பதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. எதை வெளியிடுவது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மாணவ ஆசிரியர்களே. அமெரிக்காவின் ஹார்வர்டில் சட்ட ஆய்விதழை 1887இலிருந்து மாணவர்களே நடத்தி வருகிறார்கள். பிழை எங்கே என்று ஆலோசகர் காட்டலாம். கட்டுரை தமக்குப் பிடிக்கவில்லை என்று அதை நிறுத்திவைக்க அவருக்கு உரிமையில்லை. எஸ்டேட்டுக்கோ சொகுசு விடுதிக்கோ கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர், யானை வழித்தடம் பற்றிய கட்டுரையைப் படிக்கும் முன் தாம் கட்டணம் வாங்குவதை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். இம்மாவட்டத்தின் சீகூர் யானை வழித்தடம் பற்றி 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் இங்கே சச்சரவு ஓயாததற்கு, யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்ற சந்தேகமும் ஒரு காரணம்.

நாங்கள் இருந்த ஆலோசனைக் குழு ஆண்டுக்கு ஒருமுறை கூடியது, அதுவும் தவறாமல் மே மாதம் மலர்க்காட்சி நடக்கும் வாரத்தில். சமவெளியிலிருந்து வரும் ஆலோசகர்கள் குடும்பத்தோடு வருவார்கள். பொன்னாடை, குழுப்படம், வர்க்கியும் தேநீரும், பிறகு தாவரவியல் பூங்கா. மெய்ப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. நானும் அந்தப் படங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

எனவே இதழ் தொடங்க முனையும் மாணவர்களுக்குத் தங்கள் வாயிலாக நான் வைக்கும் கோரிக்கை ஒன்றே. உள்ளட்டையில் ஆலோசகர் பட்டியல் போடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் அதை அச்சுக்கு முன் படித்தவர் யார், எந்தத் தேதியில் படித்தார், அவர் சுட்டியதில் எது ஏற்கப்படவில்லை என்பதை இரண்டு வரியில் அச்சிடுங்கள். அப்படி அச்சிடச் சம்மதிக்காதவரை, அவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தவரானாலும், அழைக்க வேண்டாம். பசுந்தேயிலை பற்றி எழுதினால் எங்கள் தெருப் பெரியவர் படித்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் விரிவுரையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.